வெள்ளிக் கம்பியும் பென்சிலும்: குறைந்த செலவில் இரசாயனப் பகுப்பு மின்வாய்கள்

நீர், மண், உரம், உணவு ஆகியவற்றைப் பகுத்தறியும் பணி பெரிய ஆய்வுக்கூடங்களோடு மட்டும் நின்றுவிடுவதன்று. கிணற்றங்கரையில் நின்று நீரைச் சோதிக்கும் களப்பணியாளருக்கும், பள்ளியில் இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் அது அன்றாடத் தேவையாகும். ஆயினும் இப்பணிக்கு வேண்டிய கருவிகளில் மின்வாய்கள் விலை மிகுந்தவை, எளிதில் உடைபவை, உடைந்தால் உடனே மாற்றுக் கிடைப்பதும் அரிது. ஆகவே பல பள்ளிகளில் மின்வேதியியல் என்பது பாடநூலில் படித்து ஒப்புவிக்கும் பகுதியாகவே நின்றுவிடுகிறது.

எளிய பொருள்களைக் கொண்டு நம்பத்தக்க மின்வாய்களைச் செய்துகொள்ள இயலுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். எல்லா வகை மின்வாய்களும் இவ்வாறு செய்யத்தக்கவை அல்ல. செய்யத்தக்கவற்றுள் இரண்டை இங்கு விரிவாகக் காண்போம். ஒன்று, நீரிலுள்ள குளோரைடை அளக்கும் வெள்ளி மின்வாய். மற்றொன்று, பென்சிலிலிருந்து பெறும் கரி மின்வாய்.

மின்வாய் என்பது யாது?

ஒரு கரைசலுக்கும் ஒரு மின்கம்பிக்கும் இடையே வாயிலாக நிற்பதே மின்வாய். கரைசலில் மின்னோட்டத்தைச் சுமந்து செல்பவை அயனிகள். கம்பியில் சுமந்து செல்பவை எலெக்ட்ரான்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறும் எல்லையே மின்வாயின் மேற்பரப்பு. அவ்வெல்லையில் தோன்றும் மின்னழுத்தம் கரைசலில் குறிப்பிட்ட அயனி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். இத்தொடர்பை வால்ட்டர் நெர்ன்ஸ்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1889-ஆம் ஆண்டில் சமன்பாடாக வகுத்தார். ஒரு மின்னூட்டம் கொண்ட அயனியின் அளவு பத்து மடங்கு மாறினால், 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும் என்பது அதன் சாரம். இந்த ஓர் எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் செய்முறை முழுவதும் தெளிவாகும்.

மின்வாய்களின் வரலாறு நெடியது. கண்ணாடிச் சவ்வு அமிலத்தன்மைக்கு ஏற்ப மின்னழுத்தம் காட்டுவதை 1906-இல் மாக்ஸ் கிரெமர் கண்டறிந்தார். 1909-இல் ஹாபரும் கிளெமென்ஸீவிச்சும் அதனை அளவுக் கருவியாக்கினர். செக் நாட்டு அறிஞர் யாரொஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் பாதரசத் துளியையே மின்வாயாகக் கொண்டு போலரோகிராபி முறையை நிறுவி, அதற்காக 1959-இல் நோபெல் பரிசு பெற்றார். பாதரசத்தின் நச்சுத்தன்மை பின்னர் நன்கு உணரப்பட்டதால் அதனை நீக்கும் முயற்சி வலுத்தது. 1958-இல் ரால்ப் ஆடம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கிராபைட் தூளை எண்ணெயோடு பிசைந்து கரிப்பசை மின்வாயை உண்டாக்கினார். மலிவான கரியே நுண்ணிய பகுப்புக்குப் போதும் என்பதை உலகுக்கு உணர்த்திய முன்முயற்சிகளுள் அது ஒன்று. இன்று நீரிழிவு நோயாளர் இரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் சிறு பட்டையும் கரி அச்சிட்ட மின்வாயேயாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க அளவுக்கு அது மலிந்துவிட்டது.

குளோரைடு ஏன்?

நிலத்தடி நீரில் உப்பு மிகுவது நம் நாட்டின் பல பகுதிகளில் மக்களை வாட்டும் இடர். இராஜஸ்தானத்தின் வறண்ட மாவட்டங்களிலும், ஹரியானாவின் தென்மேற்குப் பகுதியிலும் இயற்கையாகவே உவர்நீர் மிகுதி. குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையோரத்தில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் உள்நாட்டுக் கிணறுகளுக்குள் புகுந்தது. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. ஆகவே நன்னீர்க் கிணற்றில் இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே குளோரைடு 950 மில்லிகிராம் அளவுக்கு உயர்ந்துவிடும்.

குடிநீருக்கான இந்தியத் தர விதியாகிய ஐ.எஸ். 10500, அதன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடையாத இடத்தில் 1,000 மில்லிகிராம் என்பதை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது. மேலும், அடுத்தடுத்துள்ள கிணறுகளுள் ஒன்றில் மட்டும் குளோரைடு திடீரென உயருமாயின், அங்குக் கழிவுநீர் கசிகிறதோ என்று ஐயுற இடமுண்டு. மனிதர் கழிவில் உப்பு மிகுதியாதலின், குளோரைடு அத்தகைய மாசுக்கு ஒரு முன்னறிகுறியாகும். எனவே ஒரு கிணற்றை ஒருமுறை பார்ப்பதைவிட, ஒரு சிற்றூரின் கிணறுகள் அனைத்தையும் திங்கள்தோறும் பார்த்துக் குறித்து வருதல் மிகுந்த பயன் தரும். அதற்கு ஒவ்வொரு சோதனையும் மலிவாக இருத்தல் வேண்டும்.

வழக்கமான முறை, கார்ல் பிரெடரிக் மோர் 1856-இல் வகுத்த வெள்ளி நைட்ரேட்டுத் தரம் பார்த்தலாகும். அது சிறந்த முறையே. ஆயினும் ஒவ்வொரு சோதனைக்கும் வெள்ளி நைட்ரேட்டு செலவாகிறது. நிறங்காட்டியாகிய பொட்டாசியம் குரோமேட்டு நச்சுப்பொருள். வெள்ளிக் கம்பி மின்வாயிலோ வெள்ளி செலவாவதில்லை; ஒரே கம்பி பல திங்கள் உழைக்கும்.

வேண்டிய பொருள்கள்

1. தூய வெள்ளிக் கம்பி இரண்டு. ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் நீளம், 0.7 மில்லிமீட்டர் தடிப்பு. இத்தகைய கம்பி ஒன்றின் எடை சுமார் 0.3 கிராமே. நகைகளுக்குரிய வெள்ளியில் செம்பு கலந்திருக்குமாதலால் அதனைத் தவிர்த்து, பொற்கொல்லரிடம் கலப்பில்லாத வெள்ளியை இழுத்துத் தரச் சொல்லிப் பெறுதல் நலம்.
2. மை தீர்ந்த பேனாக் குழல் இரண்டு. மெழுகு அல்லது எபாக்ஸிப் பசை.
3. உலர்மின்கலம் இரண்டு, 1,000 ஓம் மின்தடை ஒன்று, இருமுனையும் சீவிய பென்சில் ஒன்று.
4. மல்டிமீட்டர் என வழங்கும் பன்முக மின்னளவி ஒன்று. 200 மில்லிவோல்ட் அளவெல்லையில் 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் சாதாரணக் கருவி போதும்.
5. சோடியம் குளோரைடு, பொட்டாசியம் நைட்ரேட்டு, வாலை வடித்த நீர், வடிதாள், உப்புத்தாள், கண்ணாடித் தம்ளர்கள், வெப்பமானி.

வாலை வடித்த நீர் கிடையாத இடத்தில், வண்டி மின்கலங்களுக்கென விற்கும் பாட்டரி நீரைப் பயன்படுத்தலாம். கிணற்று நீரையோ குழாய் நீரையோ கொண்டு திட்டக் கரைசல் தயாரித்தல் ஆகாது. அவற்றிலேயே குளோரைடு உண்டு.

மின்வாய் தயாரித்தல்

முதலில் கம்பிகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிச் சவுக்காரத்தாலும் பின்னர் வாலை வடித்த நீராலும் கழுவுக. கழுவிய பிறகு விரலால் தொடலாகாது; விரலில் உள்ள வியர்வையும் உப்பே.

ஒவ்வொரு கம்பியையும் பேனாக் குழலினுள் செலுத்தி, கீழே 3 சென்டிமீட்டர் வெளியே நீட்டி நிற்குமாறு வைத்து, குழலின் வாயை மெழுகாலோ பசையாலோ நன்கு அடைத்துவிடுக. மேல்முனையில் செப்புக் கம்பியை முறுக்கி இணைக்கலாம். செப்பும் வெள்ளியும் சேரும் அவ்விடத்தில் எக்காரணம் கொண்டும் கரைசல் படலாகாது. படுமாயின், செம்பின் மின்னழுத்தமும் கலந்து அளவு முற்றிலும் பொய்யாகும். இம்முறையில் நேரும் தவறுகளுள் முதன்மையானது இதுவே.

அடுத்து, வெள்ளியின் மேல் வெள்ளிக் குளோரைடுப் படலம் ஏற்றவேண்டும். ஒரு தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்க. உலர்மின்கலங்கள் இரண்டையும் தொடராக இணைத்து, அவற்றின் நேர்முனையை 1,000 ஓம் மின்தடை வழியாக இரண்டு வெள்ளிக் கம்பிகளுக்கும் ஒருசேர இணைக்க. எதிர்முனையைப் பென்சிலின் மேல்முனையிலுள்ள கரியோடு இணைக்க. கம்பிகளின் வெளிநீட்டிய பகுதியும் பென்சிலின் கூர்முனையும் உப்பு நீரில் அமிழ்ந்திருக்கட்டும்; அவை ஒன்றையொன்று தொடலாகாது. சிறிது நேரத்தில் பென்சில் முனையில் ஹைட்ரஜன் குமிழிகள் தோன்றும். வெள்ளிக் கம்பி மெல்ல மெல்லச் சாம்பல் நிறமும் பின்னர் பழுப்புக் கலந்த ஊதா நிறமும் கொள்ளும். 20 நிமிடம் கழித்து நிறுத்தலாம். அதற்குள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு தடிப்புள்ள படலம் உண்டாகியிருக்கும். அதுவே போதும்.

இரு கம்பிகளுக்கும் ஒரே நேரத்தில் படலம் ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. இரண்டும் ஒரே தன்மையுடையனவாக இருந்தால்தான், அவற்றிடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாடு கரைசல்களின் வேறுபாட்டை மட்டும் காட்டும்.

வெள்ளிக் குளோரைடு ஒளியால் கருக்கும் இயல்புடையது. எனவே மின்வாய்களைக் கருநிறத் தாள் சுற்றிய புட்டியில் உப்பு நீரில் வைத்துப் பாதுகாக்க. அம்மோனியா வெள்ளிக் குளோரைடைக் கரைத்துவிடுமாதலால், அம்மோனியா கலந்த தூய்மைத் திரவங்களில் அவற்றைத் தோய்த்தல் ஆகாது.

இணை பார்த்தல்

பயன்படுத்துமுன் இரண்டு மின்வாய்களையும் ஒரே உப்புக் கரைசலில் அமிழ்த்தி மின்னளவியோடு இணைத்துப் பார்க்க. இரண்டும் ஒத்தவையாயின் அளவி பூச்சியத்தையோ அதற்கு ஓரிரு மில்லிவோல்ட் அருகிலோ காட்டும். வேறுபாடு மிகுதியாயின், இரண்டையும் ஒரு கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து இரவு முழுவதும் அதே கரைசலில் விட்டுவைக்க. மறுநாளும் வேறுபாடு குறையாவிடின் தேய்த்துக் கழுவி மீண்டும் படலம் ஏற்றுதல் வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் இச்சோதனையைச் செய்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நற்பழக்கம்.

திட்டக் கரைசல்கள்

உலர்ந்த சோடியம் குளோரைடு 16.5 கிராம் நிறுத்து, வாலை வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்குக. இதில் லிட்டருக்கு 10,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. இதிலிருந்து 100 மில்லிலிட்டர் எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக்கினால் 1,000 மில்லிகிராம் திட்டக் கரைசல் கிடைக்கும். நுண்ணிய தராசு இல்லாத பள்ளியிலும் 16.5 கிராமை நிறுத்தல் எளிது, 1.65 கிராமை நிறுத்தல் அரிது. ஆதலின் முதலில் செறிந்த கரைசலைச் செய்துகொண்டு பின்னர் நீர்த்தலே ஏற்றது. ஆய்வுக்கூடச் சோடியம் குளோரைடு இல்லையெனில் சமையல் உப்பை வறுத்து உலர்த்திப் பயன்படுத்தலாம். அதிலுள்ள சிறு கலப்பால் நேரும் பிழை மின்னழுத்தத்தில் ஒரு மில்லிவோல்ட் அளவே.

1,000 மில்லிகிராம் கரைசலில் 50, 25, 10 மில்லிலிட்டர் தனித்தனியே எடுத்து ஒவ்வொன்றையும் 100 மில்லிலிட்டராக்கினால் முறையே 500, 250, 100 மில்லிகிராம் திட்டக் கரைசல்கள் கிடைக்கும்.

இவற்றோடு பொட்டாசியம் நைட்ரேட்டு 10 கிராமை நீரில் கரைத்து 100 மில்லிலிட்டராக்கிய கரைசல் ஒன்றும் வேண்டும். சோதிக்கும் நீராயினும் திட்டக் கரைசலாயினும், ஒவ்வொரு 100 மில்லிலிட்டருக்கும் இதில் 10 மில்லிலிட்டர் சேர்த்துவிடுக. எல்லாக் கரைசல்களிலும் மொத்த அயனிச் செறிவு ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், வெவ்வேறு கிணறுகளின் நீரை ஒரே அளவுகோலால் ஒப்பிட இயலும். எல்லாமே ஒரே விகிதத்தில் நீர்த்துப்போவதால் கணக்கில் மாற்றம் எதுவும் செய்யவேண்டுவதில்லை. பொட்டாசியம் நைட்ரேட்டு தீயை வளர்க்கும் பொருளாதலின் அதனை அடுப்புக்கும் எரிபொருளுக்கும் அப்பால் வைக்க.

அளவிடும் முறை

ஒரு தம்ளரில் 1,000 மில்லிகிராம் திட்டக் கரைசலையும், மற்றொன்றில் சோதிக்கும் நீரையும் வைக்க. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளி மின்வாயை நிறுத்துக. ஒரு விரல் அகலமுள்ள வடிதாள் துண்டைப் பொட்டாசியம் நைட்ரேட்டுக் கரைசலில் நனைத்து, அதன் இரு முனைகளும் இரு தம்ளர்களிலும் தோயுமாறு வளைத்து வைக்க. இதுவே உப்புப் பாலம். ஒவ்வொரு நீருக்கும் புதிய துண்டையே இடுதல் வேண்டும். பாடநூல்களில் கூறும் பொட்டாசியம் குளோரைடுப் பாலம் இங்கு ஆகாது. அதிலிருந்து கசியும் குளோரைடு நாம் அளக்கும் பொருளையே மாற்றிவிடும்.

மின்னளவியின் சிவப்புக் கம்பியைச் சோதிக்கும் நீரிலுள்ள மின்வாயோடும், கருப்புக் கம்பியைத் திட்டக் கரைசலிலுள்ள மின்வாயோடும் இணைக்க. ஒரு நிமிடத்தில் ஒரு மில்லிவோல்ட்டுக்கு மேல் மாறாத நிலை வரும்வரை காத்திருந்து அளவைக் குறிக்க.

குளோரைடு குறையக் குறைய வெள்ளி மின்வாயின் அழுத்தம் நேர்த்திசையில் உயரும். ஆதலால் அளவி நேர்க்குறியோடு காட்டினால் அந்நீரில் குளோரைடு 1,000 மில்லிகிராமுக்குக் குறைவு. எதிர்க்குறியோடு காட்டினால் 1,000-க்கு மேல். உச்ச வரம்பையே ஒப்புக் கரைசலாகக் கொண்டதால், எண்ணைப் பாராமல் குறியைப் பார்த்த அளவிலேயே அந்நீர் வரம்புக்கு உட்பட்டதா அன்றா என்பது விளங்கிவிடும். ஆனால் அளவி பூச்சியத்துக்கு அருகில், ஐந்து மில்லிவோல்ட்டுக்குள் நின்றால், குறியை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் தகாது.

25 பாகை வெப்பநிலையில் எதிர்பார்க்கத்தக்க அளவுகள் வருமாறு:

1,000 மில்லிகிராம்: 0 மில்லிவோல்ட்
500 மில்லிகிராம்: 18 மில்லிவோல்ட்
250 மில்லிகிராம்: 36 மில்லிவோல்ட்
100 மில்லிகிராம்: 59 மில்லிவோல்ட்

இந்த எண்களை அப்படியே நம்பாமல், ஒவ்வொருவரும் தம் மின்வாயைக் கொண்டு திட்டக் கரைசல்களை அளந்து, மடக்கை வரைபடத் தாளில் நேர்கோடு வரைந்துகொள்ள வேண்டும். 1,000-க்கும் 100-க்கும் இடையே 54 முதல் 60 மில்லிவோல்ட் வேறுபாடு கிடைத்தால் மின்வாய் நன்னிலையில் உள்ளது எனக் கொள்ளலாம். 50-க்கும் குறைந்தால் படலத்தைப் புதுப்பிக்க வேண்டும். வெப்பநிலை 30 பாகையாயின் 59 என்பது 60 ஆகும். இம்மாற்றம் சிறிதேயாயினும், திட்டக் கரைசலும் சோதிக்கும் நீரும் ஒரே வெப்பநிலையில் இருத்தல் இன்றியமையாதது. வெயிலில் வைத்த புட்டியையும் அப்போதே இறைத்த குளிர்ந்த நீரையும் ஒப்பிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு: 25 பாகையில் ஒரு கிணற்று நீர் 28 மில்லிவோல்ட் காட்டியது எனக் கொள்வோம். 28-ஐ 59-ஆல் வகுக்க 0.47 வரும். 0.47-இன் எதிர்மடக்கை ஏறக்குறைய 3 ஆகும். 1,000-ஐ 3-ஆல் வகுக்க, குளோரைடு சுமார் 340 மில்லிகிராம் என்பது பெறப்படும். இந்நீர் ஏற்கத்தக்க அளவைத் தாண்டியது. ஆயினும் உச்ச வரம்புக்கு உட்பட்டது.

பிழைகளைப் பற்றி

ஒரு மில்லிவோல்ட் தவறினால் விடையில் நூற்றுக்கு நான்கு பங்கு தவறும். ஐந்து மில்லிவோல்ட் தவறினால் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் தவறும். எனவே இம்முறையால் 240-க்கும் 260-க்கும் உள்ள வேறுபாட்டை உறுதியாகக் கூற முயல்வது பொருந்தாது. வரம்புக்கு அருகில் நிற்கும் நீர் எதுவாயினும் மாவட்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி மோர் முறையால் உறுதிசெய்து கொள்ள வேண்டும். 100-க்கும் 600-க்கும் உள்ள வேறுபாட்டையும், சென்ற திங்களுக்கும் இத்திங்களுக்கும் இடையே நிகழ்ந்த பெரும் மாற்றத்தையும் காட்டுவதற்கு இம்மின்வாய் முற்றிலும் போதுமானது.

சல்பேட்டு, பைகார்பனேட்டு, நைட்ரேட்டு ஆகியன கிணற்று நீரில் வழக்கமாக உள்ள அளவில் இம்மின்வாய்க்கு இடையூறு செய்வதில்லை. ஆனால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நீரில் சல்பைடு இருக்கும். அது வெள்ளியைக் கருக்கி மின்வாயைக் கெடுத்துவிடும். புரோமைடும் அயோடைடும் குளோரைடைப் போலவே வினைபுரிந்து ஏமாற்றும். குளோரின் மருந்து இட்ட உடனே எடுத்த நீரையும் அளத்தல் ஆகாது. சில மணி நேரம் திறந்து வைத்து, நாற்றம் நீங்கிய பின் அளக்கலாம்.

பென்சில் மின்வாய்

பென்சிலின் கரி, கிராபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சுட்டது. 1795-இல் நிக்கோலா ழாக் கோன்டே என்னும் பிரெஞ்சு நாட்டவர் வகுத்த முறை அது. மென்மையான பென்சிலில் கிராபைட்டு மிகுதி; கடினமானதில் களிமண் மிகுதி. ஆதலின் மின்வாய்க்கு எச்.பி. அல்லது 2பி வகை ஏற்றது. பென்சிலின் இரு முனைகளையும் சீவி, ஒரு முனையில் கிளிப்பைப் பொருத்துக. மறுமுனையில் கரியின் நுனி 3 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியுமாறு விட்டு, மரப்பகுதியை உருகிய மெழுகில் தோய்த்தெடுக்க. இல்லாவிடின் மரம் கரைசலை உறிஞ்சும். மேற்பரப்பு மாசுபட்டால் வெள்ளைத் தாளில் நாலு கோடு இழுத்தாலே புதுப்பரப்புக் கிடைக்கும். இவ்வளவு எளிதில் புதுப்பிக்கத்தக்க மின்வாய் பிறிதொன்றைக் காண்டல் அரிது.

உலர்மின்கலத்தின் நடுவிலுள்ள கரித்தண்டையும் சிலர் பயன்படுத்துவர். 1866-இல் லெக்லான்ஷே வகுத்த கலத்தின் வழிவந்த துத்தநாக-கரிக் கலங்களில் மட்டுமே இத்தண்டு உண்டு. காரக் கலங்களிலும் லிதியக் கலங்களிலும் இது கிடையாது. காரக் கலத்தினுள் தோலை அரிக்கும் காரமுண்டு. லிதியக் கலம் திறந்தால் தீப்பற்றும். ஆதலால் மாணவர் கையில் எந்த மின்கலத்தையும் உடைக்கக் கொடுக்காமல் பென்சிலையே கையாளச் செய்தல் பாதுகாப்பானது.

பென்சில் மின்வாய் எந்த ஓர் அயனியையும் தனித்து அறிவதன்று. கரைசலில் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் எந்நிலையில் உள்ளன என்பதையே அது காட்டும். பள்ளிக்கு ஏற்ற சோதனை ஒன்று: பெரஸ் உப்பாகிய மோர் உப்பைக் கந்தக அமிலம் கலந்த நீரில் கரைத்து, பென்சில் மின்வாயை அதில் நிறுத்துக. வெள்ளி மின்வாயைத் தனித் தம்ளரில் உப்புக் கரைசலில் வைத்து, வடிதாள் பாலத்தால் இரண்டையும் இணைக்க. பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளவியை 2,000 மில்லிவோல்ட் எல்லையில் வைத்துப் பார்த்துக் குறிக்க. முதலில் மின்னழுத்தம் மெல்ல உயரும். பெரஸ் முழுவதும் பெரிக்காக மாறிய அக்கணத்தில் ஒரே துளியால் சில நூறு மில்லிவோல்ட் தாவும். அதே துளியில் கரைசல் இளஞ்சிவப்பு நிறம் கொள்வதையும் மாணவர் காண்பர். கண்ணும் கருவியும் ஒரே முடிவைக் கூறுவதைக் கண்ட பின்னர், நிறத்தால் காண முடியாத கலங்கிய நீரிலும் கருவியின் சொல்லை அவர்கள் நம்புவார்கள்.

ஆய்வு நிலையிலோ பென்சிலின் பயன் இன்னும் பெரிது. 2000-ஆம் ஆண்டில் ஜோசப் வாங் குழுவினர், பாதரசத்துக்கு மாற்றாகக் கரியின் மேல் பிஸ்மத்துப் படலம் ஏற்றி ஈயம் முதலிய உலோகங்களை மிக நுண்ணிய அளவில் அளக்கும் முறையை வெளியிட்டனர். பென்சில் கரியும் இதற்கு ஏற்ற தளமாகப் பின்வந்த ஆய்வுகளில் பயன்பட்டது. இதற்கு மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டென்ஷியோஸ்டாட் என்னும் கருவி வேண்டும். 2011-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தார் அக்கருவியின் மலிவான அமைப்பொன்றை யாவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டனர். கல்லூரி ஆசிரியர்கள் இத்துறையில் முயலலாம்.

இம்முறையால் ஆகாதவை

மலிவான மின்வாய் கிடைத்த மகிழ்ச்சியில் அதனால் ஆகாததை அதனிடம் எதிர்பார்ப்பது பெருந்தீங்கு விளைக்கும். குளோரைடு குறைவு என்பதனால் மட்டும் ஒரு நீர் குடிக்கத்தக்கது என்று கூறிவிடலாகாது. உவர்ப்பை நாக்கு உணரும். புளோரைடையும் ஆர்சனிக்கையும் நாக்கு உணராது. சுவையான நீரில் அவை மறைந்திருக்கக்கூடும். புளோரைடுக்கு உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் மட்டுமே. அதனை அளக்கும் மின்வாயை பிராண்டும் ராஸும் 1966-இல் லாந்தனம் புளோரைடுப் படிகத்தைக் கொண்டு ஆக்கினர். அப்படிகத்தை வீட்டுப் பொருள்களால் செய்ய இயலாது. புளோரைடு மிகுந்த மாவட்டங்களில் பணியாற்றுவோர், எலும்பையும் பல்லையும் சிதைக்கும் அந்நோயை எண்ணி, அதற்குரிய சோதனையைத் தனியே செய்தல் கடமையாகும்.

அவ்வாறே, அமிலத்தன்மை காட்டும் கண்ணாடி மின்வாயைச் சாதாரண மல்டிமீட்டரோடு இணைத்துப் பயனில்லை. கண்ணாடியின் மின்தடை பத்துக்கோடி ஓம் அளவினது. மலிவான அளவியின் உள்தடையோ பத்து இலட்சம் ஓம் அளவினது. ஆகவே அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கே அளவியில் தோன்றும். வெள்ளி மின்வாயின் தடை குறைவு. அதனால்தான் எளிய அளவியும் அதற்குப் போதுமாகிறது.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

வகுப்பில் மாணவரை நால்வர் நால்வராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஓர் இணை மின்வாய் செய்யவும், ஒரே நீரை அளக்கவும் பணிக்கலாம். விடைகள் சற்றே வேறுபடும். அவ்வேறுபாட்டைக் குறையாகக் கருதி மறைக்காமல், எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுதி, எக்குழுவின் மின்வாய் பூச்சியச் சோதனையில் தவறியது, எவர் பாலத்தை மாற்ற மறந்தனர் என்று ஆராய்வதே சிறந்த பாடம். பிறகு மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்றின் நீரைக் கொண்டுவரட்டும். ஊரின் வரைபடத்தில் ஒவ்வொரு கிணற்றுக்கும் எதிரே அதன் குளோரைடு அளவையும் நாளையும் குறித்துவந்தால், ஓராண்டில் அப்பள்ளியிடம் வேறெங்கும் கிடைக்காத பதிவு ஒன்று சேர்ந்துவிடும். கோடையில் எக்கிணறு உவர்க்கிறது, மழைக்குப் பின் எது தெளிகிறது என்பதை அப்பதிவு காட்டும்.

களப்பணியாளர் மூன்றை மறவாமல் கடைப்பிடித்தல் வேண்டும். காலையில் இணை பார்த்தல். ஒவ்வொரு பத்து நீருக்கும் ஒருமுறை 250 மில்லிகிராம் திட்டக் கரைசலை இடையே அளந்து சரிபார்த்தல். வெப்பநிலையையும் நாளையும் இடத்தையும் எண்ணோடு சேர்த்து எழுதுதல். இவை இல்லாத எண் எவ்வளவு விலையுயர்ந்த கருவியிலிருந்து வந்ததாயினும் பயன்படாது. இவை உள்ள எண், ஒரு கிராமுக்கும் குறைந்த வெள்ளியிலிருந்து பிறந்ததாயினும், ஒரு சிற்றூர் எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுப்பது என்று முடிவு செய்வதற்குத் துணைநிற்கும்.